ஃப்ரிட்ஜில் நிறமேறிய கிண்ணங்கள்

தான் செய்வது இன்னதென்று அறியாத ஒருவர் மேல் கோபம் வந்தால், அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் மேல் வைப்பதில் நியாயம் இல்லை. நியாயம் இல்லை என்பதற்காகக் கோபம் வராமலும் இருப்பதில்லை. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடி யாரும் கடைசல்காரரிடம் போகமாட்டார்கள். அவர் அதிகம் பேசாதவர். பேசினாலும் மரத்தைப் பற்றியும் ஈரக்காற்றைப் பற்றியும்தான் பேசுவார். ஆனாலும் அவருடைய அண்ணனுக்கு நினைவு தப்ப ஆரம்பித்ததிலிருந்து அவர் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

அவர் கடைந்தது சின்ன மரக் கிண்ணங்கள். இரண்டு உள்ளங்கைகளைக் குவித்தால் அதற்குள் அடங்கிவிடும். அவரைக் கலைஞர் என்று சொன்னால் மிகையாகிவிடும். ஒரே வடிவத்தைத்தான் வருடக்கணக்காகச் செய்தார்: குறுகிய அடி, லேசாகத் தளர்ந்த வயிறு, உள்ளே மடங்கிய மெல்லிய விளிம்பு. வேலை சுத்தமாக இருக்கும். அவ்வளவுதான். அந்தக் கிண்ணங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வடிவம் அல்ல, நிறம். நிறம் அண்ணனுடைய இலாகா.

தம்பி கடைவது, அண்ணன் நிறமேற்றுவது என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. சாயம் பூசுவதில்லை. துவர்ப்பு மிகுந்த மரத்தை அம்மோனியா ஆவியில் அடைத்து வைத்தால் மரத்தில் உள்ள துவரே கறுக்கத் தொடங்கும். பூசிய சாயம் மேலோடு நிற்கும். இது உள்ளே இறங்கும். வைரம் பாய்ந்த பகுதி இருண்டு போகும், ஓரத்து வெள்ளைப் பகுதி அப்படியே வெளுப்பாக நிற்கும். ஆகவே மரம் வாங்கும்போது அண்ணன் ஒரு சிறு சிராயை உடைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். நாக்கை இழுத்தால் வாங்குவார், இல்லையென்றால் துப்பிவிட்டு நடப்பார்.

"மரத்தை ருசி பாத்து வாங்கற ஆளை இங்கதான் பாக்கறேன்," என்பார் பக்கத்துக் கடைத் தையல்காரர். "உப்பு போதுமாண்ணே?"

"உப்பு போதும். உன் வாய்க்குத்தான் துவர்ப்பு கம்மி," என்பார் அண்ணன்.

ஆவி வெளியேறாத பெட்டி ஒன்று வேண்டும். அதற்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்தவரும் அண்ணன்தான். குளிர்விக்கும் பகுதி செத்துப்போனது. கதவின் ரப்பர் மட்டும் உயிரோடு இருந்தது. தட்டுகளில் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அடியில் அகலமான பாத்திரத்தில் அம்மோனியாவை ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டால் போதும். மறுநாள் ஜன்னலையெல்லாம் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக் கதவை இழுப்பார். வெளியே வரும்போது கிண்ணங்கள் சாம்பல் பூத்து, பார்க்க நன்றாகவே இருக்காது. எண்ணெய் தேய்த்த பிறகுதான் அந்த ஆழ்ந்த பழுப்பு எழும்பும். தெருவில் அந்த வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வீடு என்றே பெயர். "ஊரெல்லாம் வாய்க்காகப் பிழைக்குது, நீங்க மட்டும் மூக்கை அடகு வெச்சுப் பிழைக்கறீங்க," என்பார் தையல்காரர்.

வீடு என்பது ஒரு கட்டடத்தின் தரைத்தளம். முன்னறையில் கடைசல் இயந்திரமும் ஃப்ரிட்ஜும்; பின்னால் இரண்டு அறைகள்; நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய நடை. மாடியில் குடியிருப்பவர்கள் நாற்றம் என்று புகார் சொன்னதால், பெட்டியை வெளியே வைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கண்டிப்பு. கடைசல்காரரும் அவர் மனைவியும் ஓர் அறையில். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன் மற்றதில். எல்லாவற்றின் மேலும் மெல்லிய மரத்தூள் படிந்திருக்கும்.

அண்ணனின் மறதி முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. ஒரு நாள் கிண்ணங்களை அடுக்கிக் கதவைச் சாத்தினார். அம்மோனியா ஊற்ற மறந்துவிட்டார். மறுநாள் திறந்தால் கிண்ணங்கள் வைத்தபடியே வெளுப்பாக இருந்தன. துவர்ப்பில்லாத மரத்தைத் தள்ளிவிட்டான் என்று மரக்கடைக்குப் போய் அரை நாள் சண்டை போட்டுவிட்டு வந்தார். பாத்திரம் உலர்ந்து கிடப்பதைத் தம்பி காட்டியதும், "ஆவி போயிடுச்சுடா, அதான் ஆவிங்கறது," என்று சமாளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. அவருக்கு மரத்தின் பெயர் மறந்தது, தெருவின் திருப்பம் மறந்தது, சாப்பிட்டது மறந்தது. நிறமேற்றும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டார். அண்ணனுக்கு மறக்காதது ஒன்று உண்டு. கடைந்து முடித்த கிண்ணத்தை எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கும் பழக்கம். வாழ்நாள் முழுவதும் அவர் தம்பியின் வேலையை அப்படித்தான் சோதித்திருக்கிறார்.

இதில் என்ன கெடுதல் என்று தோன்றும். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து வைத்த கிண்ணத்தை அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் ஆவி இறங்காது. அண்ணனுக்கு விரல் மூட்டுகள் இறுகிப் போயிருந்ததால் கடைசல்காரரின் மனைவி தினமும் காலையில் தைலம் தேய்த்து நீவிவிடுவார். அந்த விரல்களோடு அவர் முன்னறைக்கு வந்து, அடுக்கி வைத்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தடவுவார். மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் இருண்ட கிண்ணங்களின் விளிம்பில் வெளிறிய திட்டுகள் வரிசையாக இருக்கும். நிறம் உள்ளே இறங்குவது என்பதால் மேலே தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது. மறுபடி கடைந்தால் விளிம்பு காணாமல் போய்விடும்.

கிண்ணங்களை வாங்கும் கடைக்காரம்மா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னங்க இது, தேமல் மாதிரி?"

"மரத்தோட வாகு."

"போன தடவையும் வாகுன்னீங்க. மரத்துக்குத் தேமல் வந்தா நான் எங்க போய் மருந்து கேப்பேன்? நல்லதைக் கொண்டாங்க."

தம்பி கிண்ணங்களை உயர்ந்த பலகையில் வைத்தார்; அண்ணன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். துணி போட்டு மூடினார். அண்ணன் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தடவினார். அண்ணனின் கையில் உறை மாட்டிவிட்டார்கள். அவர் அதைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். தைலத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விரல் மடங்காமல் வலியில் முனகினார். அறையில் விட்டுக் கதவைத் தாழிட்டதும் ஒரு நாள் நடந்தது. அவர் கூச்சல் போடவில்லை. வேற்றார் வீட்டுக்கு வந்தவரைப் போலக் கதவை மெல்லத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மனைவியால் அதைத் தாங்க முடியவில்லை, திறந்துவிட்டார்.

ஒரு முற்பகல், பெரிய ஆர்டர் ஒன்றுக்குத் துடைத்து வைத்திருந்த கிண்ணங்களின் நடுவே அண்ணன் நின்றிருந்தார். கையில் ஒரு கிண்ணம். கடைசல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். கையிலிருந்த உளியின் பிடியால் அண்ணனின் புறங்கையில் ஓர் அடி வைத்தார். பலமான அடி இல்லை என்று மனைவி சொல்வார். பலமானதுதான் என்று அவர் சொல்வார். கிண்ணம் உருண்டு மரச்சுருள்களுக்குள் போய் விழுந்தது. அண்ணன் தன் கையைப் பார்த்தார், பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார். "உங்க சாமான்னு தெரியல. தெரியாம தொட்டுட்டேன்."

கடைசல்காரர் குனிந்து, சுருள்களுக்குள் கிடந்த கிண்ணத்தை எடுத்து வைத்தார். அன்று முழுவதும் அவர் இயந்திரத்தை ஓடவிடவில்லை. தன்னை அடையாளம் தெரியவில்லை என்பது அவருக்குப் புதிதல்ல. அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. அண்ணன் மன்னிப்புக் கேட்டதுதான் புதிது. வாழ்நாளில் அவர் தம்பியிடம் எதற்கும் மன்னிப்புக் கேட்டவர் அல்ல. கோபத்தை இறக்கிவைக்கத் தம்பிக்கு இருந்தது ஒரே இடம். அந்த இடமும் "சார்" என்று எழுந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

ஃப்ரிட்ஜ் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. ஃப்ரிட்ஜ் என்றால் சாதாரணமாக யாரும் என்ன நினைப்பார்கள்? தாகம் எடுத்தால் திறப்பார்கள். அண்ணன் ஒரு தடவை அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த அன்றே கடைசல்காரர் கொண்டி அடித்துப் பூட்டு மாட்டினார். சாவியைக் கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் தொங்கவிட்டார். அந்த ஆணி அண்ணன் அடித்தது. அந்த வீட்டுச் சாவிகள் எப்போதும் அதில்தான் தொங்கும். அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்தார்கள். கைக்கு மறக்கவில்லை.

வெயில் உச்சியில் இருந்த நேரம். கடைசல்காரர் மரக்கடைக்குப் போயிருந்தார். மனைவி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் ஏதோ விழுந்த சத்தமும், அதைத் தொடர்ந்து இருமலும் கேட்டு ஓடிவந்தார். நடைக்கு வருவதற்குள்ளேயே கண் எரிந்தது. திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் அண்ணன் முழங்காலிட்டிருந்தார். இரண்டு கையும் முகத்தில். பூட்டு, சாவியோடு ஒழுங்காக ஸ்டூலின் மேல் வைக்கப்பட்டிருந்தது. மனைவி முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு அவரைத் தோளோடு இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து, தையல்காரர் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தார். "கண்ணைத் திறங்க மாமா, திறங்க, திறந்தாத்தான் போகும்," என்று அழுதபடி ஊற்றினார். அவர் திறக்க மறுத்து, "இருட்டுல யாரு தண்ணி ஊத்தறது?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண் தேறியது. மற்றதில் வெண்படலம் நின்றுவிட்டது. நெஞ்சில் கொஞ்ச காலம் இரைச்சல் இருந்தது.

அவர் எதற்காகத் திறந்தார் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. தரையில் ஒரு டம்ளர் உருண்டு கிடந்தது. ஆகவே தண்ணீருக்காகத்தான் என்றார் மனைவி. அந்த டம்ளரைக் காலையில் அங்கே வைத்தவர் தானே என்றும், நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அண்ணன் திறந்தார் என்றும் சொன்னார் கடைசல்காரர். ஏன் அவருக்கு அது அவ்வளவு முக்கியம் என்பது புரியாமல் இல்லை. தண்ணீருக்காக என்றால் அது விபத்து. நிறத்துக்காக என்றால் அண்ணன் இன்னும் எங்கேயோ இருக்கிறார் என்று அர்த்தம். கட்டிலில் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவரிடமே ஒரு நாள் கேட்டார்.

"அண்ணே, ஃப்ரிட்ஜை எதுக்குத் திறந்தீங்க?"

"எதுக்குத் திறப்பாங்க? பாக்கத்தான்."

"என்ன பாக்க?"

"உள்ள என்ன இருக்குன்னு."

எந்தக் கட்சிக்கும் இது போதவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கடைசல்காரர் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். அடுத்த வாரமே அண்ணன் ஒரு திருப்புளியோடு ஃப்ரிட்ஜின் முன்னால் உட்கார்ந்து, தெரிகிற ஒற்றைக் கண்ணைக் குறுக்கிக்கொண்டு, கீலின் திருகுகளைப் பொறுமையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய திருகுகளைத் தொலைந்துபோகாமல் ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தார். தையல்காரர்தான் பார்த்துக் கத்தினார்.

"பூட்டெல்லாம் திருடனுக்குத்தான் கடைசல்காரரே. தொழில் தெரிஞ்சவனை என்ன பண்ணும்?" இதைச் சொல்லும்போது அவரும் சிரிக்கவில்லை.

அன்று மதியம் மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரே உறையில ரெண்டு கத்தி இருக்காதுங்க."

"என்ன சொல்றே?"

"நான் சொல்லணுமா? மாமாவும் அந்தப் பெட்டியும் ஒரே வீட்ல இருக்க முடியாது. ஒண்ணு போகணும். எதுன்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நாளைக்கு என் தலையில விடியும்."

"பெட்டி போனா அடுப்பு எரியாது."

"மேசைக்கால் கடையச் சொல்லி அந்தப் பர்னிச்சர் கடைக்காரர் எத்தனை தடவை கேட்டாரு?"

"கால் கடையறதெல்லாம் ஒரு வேலையா? ஓடற மெஷின்ல குச்சியைச் செருகினா அதுவே கடைஞ்சிக்கும்."

"அப்ப மாமா போகட்டுமா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பதில் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் ஒரு பதில்தான். மனைவி எழுந்து போய், நகரின் ஓரத்தில் இருக்கும் முதியோர் இல்லத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த செவிலி ஒருத்தியிடம் விசாரித்தார். அவர் கல் நெஞ்சக்காரி அல்ல. அத்தனை நாளும் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் தைலம் தேய்த்ததும் அவர்தான். இன்னொரு முறை தன்னால் அந்தத் தண்ணீரை ஊற்ற முடியாது என்று மட்டும் சொன்னார்.

கொண்டுபோன நாளில் அண்ணன் உற்சாகமாக இருந்தார். ஆட்டோவில் வழிநெடுகக் கடைப் பலகைகளைத் தப்பும் தவறுமாகப் படித்துக்கொண்டு வந்தார். இல்லத்துக் கட்டில் மரத்தைத் தட்டிப் பார்த்து, "பொத்தல் மரம்," என்று அறிவித்தார். வரவேற்பறையில் இருந்தவர், "கூட வந்திருக்கறது யாரு தாத்தா?" என்று கேட்டதற்கு, "இவரா? கடைசல்காரர். நல்லா வேலை செய்வாரு, கொஞ்சம் கோவக்காரர்," என்றார். படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பி கிளம்பும்போது, வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளியை வழியனுப்புவதுபோல வாசல்வரை வந்து, "வண்டி கிடைக்குமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அவரை அங்கே சேர்த்தது தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சரி என்று சொல்லவும் இல்லை. அங்கே அவருக்கு நேரத்துக்கு உணவும் மருந்தும் உண்டு. திறக்கக் கூடாத கதவுகள் இல்லை. முடியாததை முடியாது என்று ஒப்புக்கொள்வது கைவிடுவதா இல்லையா என்பதில் அறிஞர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. கடைசல்காரர் ஞாயிறு தவறாமல் போவார். இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் அண்ணன் சட்டென்று திரும்பி, "நிறம் ஏறிச்சா?" என்று கேட்பார். "ஏறிடுச்சுண்ணே," என்பார் தம்பி. அடுத்த கேள்வி வராது.

அந்தப் பதில் பொய். அண்ணனை விட்டுவிட்டு வந்த அன்றே, கால்சட்டையைக்கூட மாற்றாமல், மீதமிருந்த அம்மோனியாவைத் தண்ணீர் கலந்து கலந்து கொல்லைக் குழியில் ஊற்றிவிட்டார். பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜை எடுத்துப்போகச் சொன்னார். அவர் தயங்கி, கதவு ரப்பர் நன்றாக இருக்கிறதே, ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தூக்குங்க," என்றார். இப்போதுதான் நிறமேற்றத் தடை ஏதும் இல்லை. துடைத்து வைத்த கிண்ணங்கள் துடைத்தபடியே இருக்கும், சாவியை எந்த ஆணியிலும் மாட்டலாம். கடைக்காரம்மா ஆளனுப்பிக் கேட்டார், பிறகு தானே வந்து கேட்டார். நிறமேற்றிய கிண்ணம் இனிமேல் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பர்னிச்சர் கடைக்காரரிடம் போய் மேசைக்கால் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது கிடைத்தது; அடுப்பும் எரிந்தது, முன்பைவிட அடக்கமாக.

மனைவி சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் மேசைக்கால்கள் கட்டுக்கட்டாகச் சாத்தியிருந்த ஒரு காலையில், நடையில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

"ஏங்க, இதைத்தானே அன்னைக்கு நான் சொன்னேன்? இதை அப்பவே செஞ்சிருந்தா மாமா இங்கயே இருந்திருப்பாரே?"

அவர் கையிலிருந்த உளியின் பிடியைப் பார்த்தார், பிறகு அதைப் பலகையில் வைத்தார்.

"அப்ப முடியாதுன்னது இப்ப எப்படிங்க முடிஞ்சுது? சரி, முடிஞ்சுதுல்ல? இப்பவாவது போய்க் கூட்டிட்டு வரலாம்ல?"

அவர் புதிய கட்டையை எடுத்து இயந்திரத்தில் பொருத்தினார். மையம் சரியாக இருக்கிறதா என்று கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு விசையைப் போட்டார். அண்ணனைக் கூட்டிவரவில்லை. மறுபடி ஒரு கிண்ணத்துக்கும் நிறமேற்றவில்லை. ஏனென்று மனைவியிடமும் சொல்லவில்லை, வேறு எவரிடமும் சொல்லவில்லை.